‘இல்லை’ என்றால் தொடங்காத ஆட்டம்: ராம்போ வீடியோ விளையாட்டுகளும் நாமும்

1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘ராம்போ’ என்ற நின்டெண்டோ வீடியோ விளையாட்டு ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. சிறையில் இருக்கும் ராம்போவைத் தேடி அவனுடைய பழைய மேலதிகாரி கேணல் ட்ரவுட்மன் வருகிறார். தூர கிழக்கில் ஓர் இரகசிய நடவடிக்கை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்கிறார். விளையாடுபவர் ‘ஆம்’ என்றும் சொல்லலாம், ‘இல்லை’ என்றும் சொல்லலாம். ‘இல்லை’ என்றால், உனக்குச் சிறையே வசதியாக இருக்கிறது போலும், ஆனால் நீ ‘ஆம்’ என்று சொல்லும் வரை ஆட்டம் தொடங்காது என்ற பொருளில் பதில் வருகிறது. கேள்வி மறுபடியும் வந்து நிற்கிறது.

மற்ற நாடுகளில் இந்தக் காட்சியைப் பழைய வீடியோ விளையாட்டு ரசிகர்கள் ஒரு பகிடியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்ல முடியாமல் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு சமூகத்தில் இருந்து பார்க்கும்போது அது வேறு மாதிரித் தெரிகிறது. இந்தக் கட்டுரை ராம்போ படங்களை வைத்துச் செய்யப்பட்ட பழைய டி.வி. கேம்களைப் பற்றியது. அவை எப்படி வந்தன, திரைப்படத்தில் இருந்த எதை எடுத்துக்கொண்டு எதை விட்டன, எங்களிடம் என்ன வடிவத்தில் வந்து சேர்ந்தன என்பதை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதே இதன் நோக்கம்.

ராம்போ என்ற ஆள்

ராம்போ முதலில் ஒரு நாவலில் வந்த பாத்திரம். டேவிட் மொரெல் எழுதிய ‘ஃபெர்ஸ்ட் பிளட்’ 1972இல் வெளியானது. பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவின் பெயரும், மனைவி வாங்கி வந்த ‘ராம்போ’ என்ற ஒருவகை ஆப்பிளின் பெயரும் சேர்ந்தே தன் கதாநாயகனுக்குப் பெயர் கொடுத்தன என்று மொரெல் சொல்லியிருக்கிறார்.

நாவலை வைத்து டெட் கொட்செஃப் இயக்கிய படம் 1982இல் வந்தது. சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்தார். கதை யுத்த களத்தில் நடப்பதல்ல. வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய ஒருவன், தன்னோடு படையில் இருந்த நண்பனைத் தேடிப் போகிறான். நண்பன் புற்றுநோயில் இறந்துவிட்டான் என்று தெரியவருகிறது. வியட்நாமில் தெளிக்கப்பட்ட இரசாயனமே காரணம் என்று தாய் சொல்கிறாள். அங்கிருந்து நடந்து அவன் ‘ஹோப்’ என்ற சிறிய நகரத்துக்கு வருகிறான். அந்தப் பெயருக்கு நம்பிக்கை என்று பொருள். நகரத்துப் பொலிஸ் அதிகாரி அவனை ஊருக்குள் விட விரும்பவில்லை. பொலிஸ் நிலையத்தில் அவனை அடித்து, வலுக்கட்டாயமாகச் சவரம் செய்யக் கத்தியைக் கிட்டக் கொண்டுபோகும்போது, சிறைமுகாமில் பட்ட சித்திரவதை அவனுக்கு நினைவுக்கு வருகிறது. அடித்துவிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறான்.

இந்தப் படம் முழுவதிலும் திரையில் இறப்பவர் ஒரே ஒருவர்தான். கடைசியில் ராம்போ தன் தளபதிக்கு முன்னால் உட்கார்ந்து, குண்டில் சிதறிய நண்பனைப் பற்றிச் சொல்லிக் குழந்தை மாதிரி அழுகிறான். ராம்போ சாவதாக எடுக்கப்பட்ட இன்னொரு முடிவும் இருந்தது, அது கைவிடப்பட்டது. நாவலில் அவன் சாகிறான்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கம் யுத்தத்துக்குப் பின்னான மனப்பாதிப்பைத் தன் நோய்க் கையேட்டில் ஒரு தனி நோயாகச் சேர்த்தது 1980இல். அதற்கு இரண்டு வருடங்களில் வந்த படம் இது. எங்கள் பக்கத்தில் ‘மனவடு’ என்ற சொல்லால் நாங்கள் இன்று குறிப்பது கிட்டத்தட்ட இதைத்தான். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யுத்தம் தமிழர் மனங்களில் ஏற்படுத்திய பாதிப்பைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளியானது. அந்த நோக்கில் பார்த்தால் முதல் ராம்போ படம் எங்களுக்கு அந்நியமானதல்ல. வீடு திரும்பியும் வீடு வந்து சேராதவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

இரண்டாவது படம் மாற்றியது

1985இல் வந்த இரண்டாவது படம் அதே ஆளைத் திரும்பவும் வியட்நாமுக்கு அனுப்பியது. இம்முறை அங்கு இன்னும் அடைபட்டிருப்பதாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கைதிகளை மீட்க வேண்டும். அழுத மனிதன் இந்தப் படத்தில் இல்லை. வெடிக்கும் அம்புகளும் கனரகத் துப்பாக்கியும் ஹெலிகொப்டரும் அவனுடைய இடத்தை எடுத்துக்கொண்டன. படம் உலகம் முழுவதும் பெரும் வசூல் செய்தது. அதே ஆண்டு விமானக் கடத்தல் ஒன்று முடிவுக்கு வந்த வேளையில், ராம்போ பார்த்துவிட்டேன், அடுத்தமுறை என்ன செய்வதென்று தெரியும் என்ற பொருளில் ஜனாதிபதி ரீகன் பகிடியாகச் சொன்னது செய்தியானது.

1986இல் ராம்போ 65 பாகங்கள் கொண்ட சிறுவர் கார்ட்டூன் தொடராகவும் ஆனான். பொம்மைகள் வந்தன. சிறுவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று தரம் குறிக்கப்பட்ட படத்தின் நாயகன் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்குள் வந்த பாதை இதுதான். டி.வி. கேம்கள் அந்தப் பாதையின் அடுத்த படி.

தமிழுக்கும் அந்தப் பெயர் வந்தது. தமிழ்நாட்டுத் திரையுலகில் ஒரு சண்டைப் பயிற்சியாளர் ‘ராம்போ’ ராஜ்குமார் என்றே அறியப்பட்டார். இலங்கையிலும் இந்தியாவிலும் உடம்பு வைத்த பையனை ‘ராம்போ’ என்று கூப்பிடாத ஊர் குறைவு.

ஒரே ஆட்டம், மூன்று பெயர்கள்

ராம்போ விளையாட்டுகளில் முதலில் சொல்ல வேண்டியது ஜப்பானின் செகா நிறுவனம் தன் மாஸ்டர் சிஸ்டம் இயந்திரத்துக்கு 1986இல் செய்ததை. மேலிருந்து பார்க்கும் கோணம். ஒரு சிப்பாய் திரையின் கீழிருந்து மேல்நோக்கி நடந்துகொண்டே சுடுவான். எதிரிகள் மேலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள்.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் இரண்டாவது ராம்போ படத்தின் பெயரோடு விற்கப்பட்டது. ஜப்பானில் அதன் பெயர் ‘அஷுரா’. ஐரோப்பாவில் ‘சீக்ரெட் கொமாண்ட்’. ராம்போ பெயரைப் பயன்படுத்தும் உரிமை ஒரு சந்தையில் இருந்தது, மற்றவற்றில் இல்லை. ஆகவே பெயரை மாற்றிப் போட்டார்கள். நடப்பதும் சுடுவதும் அப்படியே இருந்தன.

இதன் மறுபக்கமும் நடந்தது. எஸ்.என்.கே. என்ற ஜப்பானிய நிறுவனம் ராம்போ உரிமையை எதிர்பார்த்து ஓர் ஆட்டத்தைச் செய்யத் தொடங்கி, உரிமை கிடைக்காமல் 1986இல் ‘இகாரி வொரியர்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. ‘இகாரி’ என்றால் ஜப்பானிய மொழியில் கோபம். இரண்டாவது ராம்போ படத்தின் ஜப்பானியத் தலைப்பில் இருந்த சொல் அது. படத்தின் பெயர் கிடைக்காவிட்டாலும் கோபத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வணிக விவரங்கள் முக்கியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. யார் யாரோடு, எந்த நாட்டில், எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்பதை இவ்வளவு இலகுவாக மாற்ற முடிந்தது. சுடப்படுகிறவர் எந்த நாட்டவர் என்பது ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

நின்டெண்டோ ராம்போ

மேலே சொன்ன ‘ஆம்–இல்லை’ கேள்வி வருவது நின்டெண்டோ ஆட்டத்தில். பேக்-இன்-வீடியோ என்ற ஜப்பானிய நிறுவனம் 1987 டிசெம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அமெரிக்காவில் அக்லெய்ம் நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது.

இது வெறும் சுடுகிற ஆட்டம் அல்ல. அந்த ஆண்டு ஜப்பானில் வெளிவந்திருந்த இரண்டாவது ‘செல்டா’ ஆட்டத்தின் பாணியைப் பின்பற்றியது. பக்கவாட்டில் காட்டுக்குள் நடக்க வேண்டும். வழியில் ஆட்களோடு பேச வேண்டும். வடக்கே போவதா தெற்கே போவதா என்று தெரிவு செய்ய வேண்டும். கொல்லக் கொல்ல அனுபவப் புள்ளிகள் சேர்ந்து பலம் கூடும். கத்தி, எறிகத்தி, அம்பு, வெடிக்கும் அம்பு, துப்பாக்கி, கைக்குண்டு என்று ஆயுதங்கள் கிடைக்கும். வழி தவறினால் ஒரே இடத்தையே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆட்டத்தை இடையில் நிறுத்தினால் நீளமான ஒரு கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும்.

வியட்நாமியக் காட்டில் ராம்போவை எதிர்ப்பவர்களில் சிப்பாய்கள் மட்டும் இல்லை. பாம்பும் சிலந்தியும் பறவையும் சிப்பாயும் ஒரே வரிசையில் வருகிறார்கள். எல்லாவற்றையும் கொன்றால் புள்ளி. அந்தக் காட்டிலும் மனிதர்கள் வாழ்ந்தார்கள், அவர்களுக்கும் அது ஓர் ஊர் என்பதற்கு ஆட்டத்தில் இடம் குறைவு.

முடிவு விசித்திரமானது. ராம்போவை ஏமாற்றி அனுப்பிய அதிகாரி மேர்டொக்கிடம் கடைசியில் திரும்பி வரும்போது, ‘கோபம்’ என்று பொருள்படும் ஒரு பெரிய ஜப்பானிய எழுத்தை அவர்மேல் எறியலாம். எறிந்தால் மேர்டொக் தவளையாக மாறிவிடுவார். திரைப்படத்தின் ஜப்பானியத் தலைப்பில் உள்ள அதே எழுத்துத்தான். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே விளங்கியிருக்காது. ஆனாலும் இந்த வரிசை ஆட்டங்களில், சண்டைக்கு அனுப்பியவரிடம் போய் ஒரு கணக்குக் கேட்கும் இடம் என்று பார்த்தால் இது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. ஆரம்பத்தில் ‘இல்லை’ என்று சொல்ல விடாத ஆட்டம், முடிவில் கோபப்பட விடுகிறது.

ஆப்கானிஸ்தானுக்குப் போன ராம்போ

மூன்றாவது படம் 1988 மே மாதம் வந்தது. இம்முறை ஆப்கானிஸ்தான். சோவியத் படைகளிடம் சிக்கிய ட்ரவுட்மனை முஜாஹிதீன்களின் உதவியோடு ராம்போ மீட்கிறான். படம் ஆப்கான் மக்களுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அது திரைக்கு வருவதற்கு சில நாட்களுக்கு முன்னரே சோவியத் படைகள் வெளியேறத் தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகு அந்த நாட்டு மக்கள் எத்தனை யுத்தங்களைப் பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதை வைத்துச் செகா இரண்டு வேறுபட்ட ஆட்டங்களைச் செய்தது. மாஸ்டர் சிஸ்டத்துக்கு 1988இல் வந்தது, தொலைக்காட்சித் திரையைக் குறிபார்த்து விளையாட்டுத் துப்பாக்கியால் சுடும் ஆட்டம். மெகா டிரைவ் இயந்திரத்துக்கு 1989இல் வந்தது மேலிருந்து பார்க்கும் ஆட்டம். ஆறு நடவடிக்கைகள். பெரிய எதிரிகளான டாங்கியும் ஹெலிகொப்டரும் வரும்போது கோணம் மாறும். ராம்போவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல் இருக்கும். பாறைக்குப் பின்னால் ஒளிந்து, தருணம் பார்த்து எழுந்து, வெடிக்கும் அம்பை விட வேண்டும். பழைய ஆட்டங்களைச் சேகரிப்பவர்கள் ராம்போ வரிசையில் நல்லது என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். விளையாட்டு என்ற அளவில் அது உண்மை. கட்டுப்பாடு கைக்கு இசைந்து வருகிறது, வேகம் இருக்கிறது.

பிறகு வந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2008இல் பர்மாவைக் களமாகக் கொண்ட நான்காவது படம் வந்தபோது, செகா அதே ஆண்டு வெளியிட்ட ஆர்க்கேட் ஆட்டம் இரண்டாம், மூன்றாம் படங்களையே கதையாக எடுத்துக்கொண்டது. 2014இல் போலந்தின் டெயோன் நிறுவனம் செய்த ‘ராம்போ: த வீடியோ கேம்’ முதல் மூன்று படங்களையும் சேர்த்தது. அதில் முதல் படமும் இடம்பெற்றது, ஆனால் அதுவும் குறிபார்த்துச் சுடும் ஆட்டமாகவே ஆனது. விமர்சகர்கள் அதைக் கடுமையாகச் சாடினார்கள்.

எங்களிடம் வந்த டி.வி. கேம்

எங்கள் கைக்கு வந்தது நின்டெண்டோ அல்ல. 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபெமிகொம் இயந்திரத்தைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட மலிவான கொப்பிகள்தான் வந்தன. உள்ளே இருந்த பல சில்லுகளின் வேலையை ஒரே சில்லில் அடக்கியதும் விலை இன்னும் இறங்கியது. சில நாடுகளில் அப்படியொரு கொப்பி ‘டெர்மினேட்டர் 2’ என்ற படப் பெயரிலேயே விற்கப்பட்டது. இலங்கையில் அவற்றுக்குப் பொதுப்பெயர் டி.வி. கேம். வடக்கில் ரி.வி. கேம். அதில் செருகுவது கேம் கெசட். கெசட்டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சில பத்து ஆட்டங்களே, மற்றவை அதே ஆட்டத்தின் வேறு மட்டங்கள்.

ராம்போ கெசட்டை நான் சிறுவயதில் கண்டதில்லை. எங்களுக்கு ‘ராம்போ கேம்’ என்றால் ‘கொன்ட்ரா’தான். கொனாமி நிறுவனம் 1987இல் ஆர்க்கேட்டுக்கும் 1988இல் நின்டெண்டோவுக்கும் வெளியிட்ட ஆட்டம் அது. நாங்கள் அந்தப் பெயர் வைத்ததில் நியாயம் இருந்தது. அதன் இரண்டு நாயகர்களும் ஸ்டலோன், ஷ்வார்ஸ்நெகர் சாயலிலேயே வரையப்பட்டவர்கள். அட்டைப்படத்தில் உள்ள ஆள் ‘பிரெடேட்டர்’ படத்து ஷ்வார்ஸ்நெகரின் நிலையைப் பார்த்து வரையப்பட்டவர். ‘கொன்ட்ரா’ என்ற பெயரையும் கவனிக்க வேண்டும். நிக்கராகுவாவில் சன்டினிஸ்டா அரசுக்கு எதிராக அமெரிக்கா ஆயுதம் கொடுத்த படைக்கு அதே பெயர். ஆட்டத்தின் முடிவு இசைக்கு ‘சன்டினிஸ்டா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தொடக்கத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். ஜெர்மனியில் வன்முறைக் கட்டுப்பாடு கடுமையாக இருந்ததால் ஐரோப்பாவில் மனிதர்களை இயந்திர மனிதர்களாக மாற்றி ‘ப்ரொபொடெக்டர்’ என்று விற்றார்கள்.

1990களின் பிற்பகுதியில் எங்கள் தோட்டத்து லயத்தில் மின்சாரம் இல்லை. ஓரிரு வீட்டில் இருந்த தொலைக்காட்சியும் கார் பெட்டரியில் ஓடியது. டி.வி. கேம் விளையாட பெல்மதுளை டவுனுக்குத்தான் போக வேண்டும். ஒரு கடையின் பின்னறையில் அரை மணித்தியாலத்துக்கு ஐந்து ரூபா. தோட்டத்துப் பிள்ளைகளும் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருப்போம். எங்களை விடப் பெரிய பையன் ஒருவன் கொன்ட்ராவில் ஆட்களைச் சுடும்போது ஒவ்வொரு முறையும் ‘கொட்டி, கொட்டி’ என்று கத்துவான். புலிகள் என்று பொருள். அது கெசட்டில் இல்லாத சொல். அவன் அதை இரவுச் செய்தியில் இருந்து எடுத்திருந்தான். என்னை நோக்கிச் சொன்னதல்ல, என்னோடு பாதி வடையைப் பகிர்ந்து சாப்பிட்டவன் அவன். ஆனால் அதே சந்தேகத்தின் பேரில்தான் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சோதனைச் சாவடிகளில் இறக்கப்பட்டார்கள். பெயர் தெரியாத எதிரிக்கு ஒரு பெயர் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் முதலில் பார்த்தது அந்தப் பின்னறையில்.

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட மக்களுக்கு யுத்தம் தூரத்துச் செய்தி அல்ல. 1977இலும் 1981 ஒகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். காடு வெட்டிக் குடியேறினார்கள். பாதுகாப்பு என்று நம்பிப் போன இடத்தில்தான் பிறகு முழு யுத்தத்தையும் கண்டார்கள். 2009இல் மெனிக் ஃபாம் முகாமுக்கு வந்தவர்களில் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இருந்து புறப்பட்ட குடும்பங்களும் இருந்தன.

நாங்கள் ஐந்து ரூபா கொடுத்து விளையாடிய அதே காலத்தில் வன்னியில் மின்சாரம் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கும் 1990இல் மின்சாரம் நின்றது. டோர்ச் பெட்டரிகூடத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டார்கள். ஆகவே எங்கள் தலைமுறையிலேயே ஒரு பகுதிக்கு கொன்ட்ராவும் ராம்போவும் சிறுவயது நினைவு, இன்னொரு பகுதிக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. அவர்கள் கேட்ட வெடிச்சத்தம் தொலைக்காட்சியில் இருந்து வரவில்லை.

எங்கள் பெரியப்பா குடும்பம் 1981க்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனது. அங்கு பிறந்த அண்ணன் 2010இல் முகாமில் இருந்து விடுபட்டு பெல்மதுளைக்கு வந்து எங்களோடு சில வாரங்கள் தங்கினார். என் அக்கா மகன் கணினியில் ஒரு சுடும் ஆட்டம் விளையாடிக்கொண்டிருந்தான். அண்ணன் கொஞ்ச நேரம் திண்ணையில் இருந்தார். பிறகு உள்ளே வந்து, “தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறையடா” என்றார். நிறுத்தச் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சத்தம் குறைந்ததும் திரும்பப் போய் உட்கார்ந்தார். அதைப் பற்றி வேறு எதுவும் பேசியதில்லை.

ஆட்டம் எதை எடுத்தது, எதை விட்டது

மேலே சொன்ன ராம்போ ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எண்ணக்கூடிய அனைத்தும் உள்ளே வந்தன: குண்டு, அம்பு, கொலை, புள்ளி, உயிர். எண்ண முடியாதவை வெளியே நின்றன: பொலிஸ் நிலையத்தில் வரும் பழைய நினைவு, நண்பனின் தாயின் வீட்டு வாசல், கடைசி அழுகை. 2014 வரை ‘ஃபெர்ஸ்ட் பிளட்’டைத் தொடாமல் இரண்டாம், மூன்றாம் படங்களையே இந்த இயந்திரங்கள் திரும்பத் திரும்ப எடுத்ததற்கு அதுவே முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். எட்டு பிட் இயந்திரத்தால் முடியாது என்பதல்ல காரணம். அதே இயந்திரத்தில் ஆட்களோடு பேசும், வழி தேடும் ஆட்டங்கள் இருந்தன. யுத்தம் முடிந்த பிறகு நடக்கும் கதைக்கு வெல்லும் இடம் என்று ஒன்று இல்லை. வெல்லும் இடம் இல்லாததை விற்பது கடினம்.

இந்த ஆட்டங்கள் பிள்ளைகளை வன்முறையாளர்களாக மாற்றும் என்று சொல்ல நான் வரவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானம், வன்முறை விளையாட்டுகளை உண்மையான வன்செயல்களோடு தொடர்புபடுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறிய மூர்க்கங்களோடு மட்டும் ஒரு சிறிய தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. அந்தப் பின்னறையில் விளையாடிய நாங்கள் யாரும் ஆயுதம் தூக்கியதில்லை. நான் சொல்வது வேறு. ஆட்டம் யுத்தத்தைப் பற்றி ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறது. எதிரிக்கு முகம் இல்லை, ஊரில் பொதுமக்கள் இல்லை, செத்தால் மறுபடி எழும்பலாம், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை என்பது அந்தப் பாடம். யுத்தத்தைக் காணாத பிள்ளைக்கு அதை மறுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும்.

மறுபக்கத்தில் இருந்து வந்தவை

வேறு மாதிரியும் ஆட்டம் செய்ய முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். வியட்நாமைச் சேர்ந்த எமோபி கேம்ஸ் 2011இல் ‘7554’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பிரெஞ்சுப் படைகள் தியன் பியன் பூவில் தோற்ற 1954 மே 7ஆம் திகதியே அந்தப் பெயர். ஹொலிவூட் காட்டில் முகமில்லாமல் விழுந்துகொண்டிருந்தவர்கள் இதில் நாயகர்கள். இது நியாயமான பதில், ஆனாலும் இதிலும் சுடுவதுதான் வேலை. துப்பாக்கி கை மாறியிருக்கிறது.

இரண்டாவது, போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014 நவம்பரில் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’. 1992 முதல் 1996 வரை நடந்த சரயேவோ முற்றுகையின் தாக்கத்தில் செய்யப்பட்டது. இதில் நீங்கள் சிப்பாய் அல்ல. இடிந்த வீடொன்றில் பதுங்கியிருக்கும் சில பொதுமக்கள். பகலில் ஸ்னைப்பர் சூடு, வெளியே போக முடியாது. இரவில் ஒருவர் மட்டும் போய் உணவும் மருந்தும் விறகும் தேட வேண்டும். வயதான தம்பதியின் வீட்டில் திருடலாம், தடை இல்லை. திருடினால் உங்கள் ஆள் குற்ற உணர்வில் படுத்துவிடுவார், சாப்பிட மாட்டார். வெற்றி என்றால் போர்நிறுத்தம் வரும் வரை உயிரோடு இருப்பது மட்டும்தான். 2020இல் போலந்து அரசு இதைப் பாடசாலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

இந்த ஆட்டம் தொலைபேசியிலும் கிடைக்கிறது. ஆனால் பதுங்குகுழியும் பட்டினியும் தெரிந்தவர்கள் இதை விளையாட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்களுக்குத் தெரிந்த கதை. யுத்தம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கும், தெற்கில் அதைத் தொலைக்காட்சிச் செய்தியாக மட்டும் பார்த்தவர்களுக்கும் அது பொருத்தமானது.

வீட்டில்

இன்று டி.வி. கேம் போய்விட்டது. பிள்ளைகள் தொலைபேசியில் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் விளையாடுகிறார்கள். ராம்போ தோற்றுவித்த பாணியின் பேரப்பிள்ளைகள் அவை. முழுவதும் தடை செய்தால் பிள்ளை வேறு வீட்டில் விளையாடும், ஐந்து ரூபா இல்லாத நாளில் நாங்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தது போல. வீட்டில் செய்யக்கூடியவை சிறிய விடயங்கள். வெடிச்சத்தம் உடலை உலுக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளை காதுக்கருவி போட்டு விளையாட வேண்டும் என்பதை ஒரு விதியாக வைக்கலாம். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லலாம். முழுக் கதையும் வேண்டாம், அப்பாவுக்கு அல்லது மாமிக்கு அந்தச் சத்தம் கஷ்டம் என்பது போதும். சத்தம், கனவு, தூக்கமின்மை என்று வருடக்கணக்கில் தொடர்பவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் இலவச சிகிச்சை உண்டு. அங்கு போவது பைத்தியம் என்று அர்த்தமல்ல.

பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், பதினாறு பதினேழு வயதில், ராம்போ விளையாட்டை விட முதல் ராம்போ படத்தை அவனோடோ அவளோடோ உட்கார்ந்து பார்க்கலாம். சுடும் காட்சிகளை அவர்கள் எப்படியும் பார்த்திருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடம், அந்த மனிதன் உட்கார்ந்து அழுவது, அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டிலும் ஊரிலும் அப்படி அழாமல் இருக்கிறவர்களைப் பற்றி ஒரு பேச்சைத் தொடங்குவது கொஞ்சம் இலகுவாக இருக்கும்.